பிரிசெயிஸா, தூக்கில் தொங்கிய பன்னிருவரா? முதலில் எந்த நூல்?

ட்ராய்ப் போரைப் பாடும் ஹோமரின் காவியம் இலியட். அதன் 23-ஆம் காண்டத்தில், கிரேக்க வீரன் அக்கிலீஸின் உயிர்த்தோழன் பாட்ரோக்ளஸின் ஈமச் சடங்கையொட்டிப் போட்டிகள் நடக்கின்றன. மற்போருக்கு அக்கிலீஸ் இரண்டு பரிசுகளைக் கொண்டுவந்து வைக்கிறான். வெல்பவனுக்கு அடுப்பில் ஏற்றும் பெரிய முக்காலிக் கொப்பரை. அது 12 மாடு பெறும் என்று கூடியிருக்கும் வீரர்கள் தங்களுக்குள் மதிப்புப் போடுகிறார்கள். தோற்பவனுக்கு ஒரு பெண். பல வேலைகள் தெரிந்தவள். அவளுக்கு 4 மாடு மதிப்பு. அஜாக்ஸும் ஒடிசியஸும் கட்டிப் புரள்கிறார்கள், யாரும் வெல்லவில்லை. போதும், இருவரும் சமமான பரிசை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அக்கிலீஸ் போட்டியை நிறுத்திவிடுகிறான். கொப்பரையையும் பெண்ணையும் எப்படிச் சமமாகப் பிரித்தார்கள்? அவள் யார் பின்னால் நடந்து போனாள்? ஹோமர் சொல்லவில்லை, அடுத்த போட்டிக்குப் போய்விடுகிறார்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒன்பது பேர் இருக்கிறோம். அடுத்த மூன்று மாதங்களுக்கு, கிரேக்கத் தொன்மங்களைப் பெண்கள் பக்கமிருந்து திருப்பிச் சொல்லும் நூல்களை வாசிப்பது என்று முடிவாயிற்று. எதை முதலில் எடுப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. மேசையில் ஐந்து நூல்கள். ஆளுக்கொரு கட்சி. எல்லாவற்றையும் படித்திருந்தவன் என்பதால் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. அந்த மற்போர்ப் பரிசுப் பெண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நூலையும் மறுபடி புரட்டினேன். அடிமைப் பெண்ணுக்குக் குரல் கொடுக்கிறோம் என்று இந்த நூல்கள் எல்லாமே சொல்லிக்கொள்ளலாம். அவளை அடிமையாகவே பார்க்கும் துணிவு எந்த நூலுக்கு இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அவளை ரகசிய இளவரசியாகவோ, நல்ல எஜமானின் காதலியாகவோ மாற்றிவிட்டால் நமக்குப் படிக்கச் சுலபமாக இருக்கும். அவளுடைய நிலை மட்டும் மறைந்துபோகும்.

சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். ஒடிசியஸ் ட்ராய்ப் போரிலிருந்து வீடு திரும்பும் கதை ஹோமரின் ஒடிசி. அவன் வீட்டில் வேலை செய்யும் பெண்களுக்கு ஹோமர் இட்ட சொல் அடிமைப் பெண்கள் என்றே பொருள்படும். ஆங்கிலத்தில் நெடுங்காலம் அதை 'மெய்ட்', 'சர்வன்ட்' என்றே பெயர்த்து வந்தார்கள். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பிடிக்காவிட்டால் வேறு வீட்டுக்குப் போகக்கூடியவர்களைப் போல அது ஒலிக்கிறது. 2017-இல் ஒடிசியை மொழிபெயர்த்த எமிலி வில்சன் பல இடங்களில் 'ஸ்லேவ்' என்ற சொல்லையே வைத்தார். ஒடிசியை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட முதல் பெண் அவர். தமிழில் பேசும்போது நமக்கும் இதே சறுக்கல் காத்திருக்கிறது. பணிப்பெண், தாதி, சேடி என்று வாய் தானாகப் போகிறது. தோழி என்று சொல்லிவிட்டாலோ அகப்பாடல்களின் அழகெல்லாம் அவள்மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இத்தனைக்கும் போரில் பிடிபட்ட பெண்ணுக்குத் தமிழில் பழஞ்சொல் உண்டு. பட்டினப்பாலை, நீர்த்துறையில் மூழ்கி வந்து அந்தியில் விளக்கேற்றும் பெண்களைக் 'கொண்டி மகளிர்' என்கிறது. கொண்டி என்றால் கொள்ளைப் பொருள். சிறைபிடித்த மகளிரைச் சோழர்கள் வைத்திருந்த இடத்துக்கு 'வேளம்' என்று பெயர். ஆகவே, எந்த நூலை எடுத்தாலும், நம் கூட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லையே பயன்படுத்துவோம்.

இனி நூல்கள். மேடலின் மில்லரின் 'தி சாங் ஆஃப் அக்கிலீஸ்' 2011-இல் வந்தது. அடுத்த ஆண்டு ஆரஞ்சுப் பரிசு பெற்றது. எங்களில் நான்கு பேர் இதற்குத்தான் கை தூக்கினார்கள். காரணம் புரிகிறது. பாட்ரோக்ளஸ் சொல்லும் காதல் கதை அது; கடைசிப் பக்கங்களில் கண்கலங்காமல் இருப்பது கடினம். ஆனால் நம் கேள்விக்கு அது பொருந்தவில்லை. மில்லரின் கதையில், மற்ற வீரர்களிடம் சிக்காமல் இருக்கட்டும் என்று பாட்ரோக்ளஸ் கேட்டுக்கொள்ள, போரில் பிடிபட்ட பிரிசெயிஸை அக்கிலீஸ் தன் பங்காகக் கேட்டு வாங்குகிறான். பின்னர் இன்னும் பல பெண்களையும் அப்படியே. அவர்களை யாரும் தொடுவதில்லை. கூடாரங்களுக்கிடையே ஒரு சிறு கிராமம் போல வாழ்கிறார்கள். பிரிசெயிஸ் பாட்ரோக்ளஸுக்குத் தோழியாகி, அவன்மேல் அன்பும் கொள்கிறாள்.

ஹோமரிடம் இப்படி இல்லை. இலியட்டின் 9-ஆம் காண்டத்தின் முடிவில், படைத்தலைவன் பறித்துக்கொண்டதால் பிரிசெயிஸை இழந்து கோபத்தில் இருக்கும் அக்கிலீஸ், லெஸ்போஸ் தீவில் பிடித்த தியோமெதே என்பவளோடு படுக்கிறான். எதிர்ப்பக்கத்தில் பாட்ரோக்ளஸ், ஸ்கைரோஸைப் பிடித்தபோது அக்கிலீஸ் தனக்குக் கொடுத்த இஃபிஸ் என்பவளோடு படுக்கிறான். இரண்டு ஆண்கள், இரண்டு அடிமைகள், ஒரே கூடாரம். ஆறேழு அடிகளில் முடிந்துபோகிறது. மில்லர் காதலைக் காப்பாற்றுவதற்காக இதை வழித்தெடுத்துவிட்டார். எங்கள் வட்டத்தின் மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, இதைக் கேட்டதும், "பிடித்தவனே காப்பாற்றினான் என்றால் அது காப்பாற்றியதாகுமா தம்பி?" என்றார். நான்கு கைகளில் இரண்டு அப்போதே இறங்கிவிட்டன. 2004-இல் வந்த 'ட்ராய்' படம் இன்னும் ஒரு படி போய், பிரிசெயிஸை ட்ராய் இளவரசன் ஹெக்டரின் உறவுப்பெண்ணாக்கி, அக்கிலீஸைக் காதலிக்கவும் வைத்தது. படம் பார்த்த நினைவோடு வருபவர்கள் அதை வாசலிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

நட்டலி ஹேய்ன்ஸின் 'எ தவுசண்ட் ஷிப்ஸ்' (2019) ட்ராய்ப் போர் தொட்ட ஏறக்குறைய எல்லாப் பெண்களையும் உள்ளே அழைக்கிறது. கதைகளே தெரியாதவர்களுக்கு நல்ல வரைபடம். ஒருத்தியோடு பழகத் தொடங்கும்போதே அடுத்தவள் வந்துவிடுகிறாள் என்பது அதன் குறை. அடிமை வாழ்வு என்பது நாள்கள் நாள்களாக நீள்வது. சிறு அத்தியாயத்துக்குள் அந்த நீளம் அடங்குவதில்லை. ஜெர்மன் மொழியில் கிறிஸ்டா வோல்ஃப் எழுதிய 'கசாண்ட்ரா' (1983) என் தனிப்பட்ட விருப்பம். கிரேக்கப் படைத்தலைவனின் ஊரான மைசீனையின் வாயிலில், சாவுக்குச் சில மணி நேரம் முன்பு, சிறைப்பட்ட ட்ராய் இளவரசி கசாண்ட்ரா நினைத்துப் பார்ப்பதுதான் முழுக்கதை. ஒரு நாடு பொய் சொல்லிச் சொல்லி எப்படிப் போருக்குள் நழுவுகிறது என்பதுதான் அதன் மையம்; அடிமைத்தனம் ஓரத்தில்தான் இருக்கிறது. இன்னொரு ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆக, உண்மையான போட்டி இரண்டு நூல்களுக்கிடையேதான்: பாட் பார்க்கரின் 'தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்' (2018), மார்கரெட் ஆட்வுட்டின் 'தி பெனலோப்பியட்' (2005).

பார்க்கர் முதல் உலகப் போரைப் பற்றிய நாவல்களால் பெயர் பெற்றவர். 1995-இல் புக்கர் பரிசு வாங்கியவர். போர் மனித உடலை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்த களம். இலியட்டில் 15,600-க்கு மேற்பட்ட அடிகள் இருக்கின்றன. பிரிசெயிஸ் பேசுவது 14 அடிகள். 19-ஆம் காண்டத்தில், பாட்ரோக்ளஸின் பிணத்தின்மேல் விழுந்து அழுகிறாள்: என் கணவனைக் கொன்றார்கள், என் மூன்று சகோதரர்களைக் கொன்றார்கள், நீதான் என்னை அழவிடாமல், அக்கிலீஸுக்கு மணமுடித்து வைக்கிறேன் என்றாய், எப்போதும் அன்பாக இருந்தாய் என்று. சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். பாட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து அவரவர் துயரத்துக்கு அழுதார்கள் என்று ஹோமர் சொல்கிறார். ஒப்பாரி வைக்கும் வீட்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த அடிக்கு உரை தேவையில்லை. பார்க்கரின் நாவல் முழுவதும் அந்த 14 அடிகளுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பதுதான்.

அவருடைய பலம் பொருள்களில் இருக்கிறது. இரவு விருந்தில் மதுக்குடத்தோடு நின்று, தன் சகோதரர்களைக் கொன்ற கைகளுக்கு ஊற்றிக் கொடுப்பது எப்படி இருக்கும். முகாமில் எலிகள் செத்து விழும்போது முதலில் யார் அவற்றை மிதிப்பார்கள். தறிக் கொட்டகையில் நாள் முழுவதும் நின்றால் இடுப்பு என்னவாகும். ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். பிரிசெயிஸ் இரவில் தனியாகக் கடலுக்குள் நடந்து போய் நனைந்துவிட்டு வருகிறாள். அது அவளுக்கு மட்டுமே சொந்தமான ஒரே நேரம். திரும்பி வந்தால், அவள் தலைமுடியிலிருந்து வரும் கடல் வாடைதான் அக்கிலீஸை அவள்பால் இழுக்கிறது. அவன் தாய் கடல்தேவதை. அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரு துளியும் அவன் கதைக்குள் போய்விடுகிறது. அடிமைத்தனம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவேன்.

இன்னோர் இடம். ட்ராயின் கிழ அரசன் பிரியம், மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு இரவில் வந்து, அவனைக் கொன்ற அக்கிலீஸின் கையை முத்தமிடுகிறான். உலக இலக்கியத்தின் உச்சமென்று போற்றப்படும் காட்சி. யாரும் செய்யாததைச் செய்கிறேன் என்கிறான் அந்த அரசன். நிழலில் நிற்கும் பிரிசெயிஸ் மனத்துக்குள் பதில் சொல்கிறாள்: எண்ணற்ற பெண்கள் செய்ய நேர்ந்ததைத்தான் நானும் செய்கிறேன், கணவனையும் சகோதரர்களையும் கொன்றவனுக்கு உடலைக் கொடுக்கிறேன். பார்க்கரின் மொழி அந்த இடத்தில் இதைவிடப் பச்சையாக இருக்கும். படித்த பிறகு ஹோமரின் அந்தக் காட்சியைப் பழைய மாதிரி என்னால் படிக்க முடியவில்லை. அதை ஓர் இழப்பாக நான் நினைக்கவில்லை.

குறைகளும் உண்டு. வீரர்கள் பேசுவது இன்றைய ஆங்கிலச் சிப்பாய்களின் பேச்சு. சிலருக்கு அது உறுத்தும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அக்கிலீஸின் பக்கத்திலிருந்தும் அத்தியாயங்கள் வருகின்றன. பெண்ணின் கதையில் இவன் எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. தன் கதையைச் சொல்ல வந்தவள், அவனுடைய கதையின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டிருப்பதை அவளே உணர்கிறாள். என் தயக்கம் வேறு இடத்தில். பிரிசெயிஸ் லிர்னெஸஸ் நகரத்தின் அரசி. நகரம் விழும் நாளில் அவளுடைய அரண்மனையின் கீழ்த்தளத்திலும் அடிமைப் பெண்கள் ஒடுங்கியிருக்கிறார்கள். நாம் அழுவது மேலே இருந்தவள் கீழே விழுந்தாள் என்பதற்காக. விழுவதற்கு உயரமே இல்லாமல் பிறந்தவளுக்கு யார் அழுவது? கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் காலத்திலிருந்தே இந்தச் சிக்கல் இருக்கிறது. மெலோஸ் தீவின் ஆண்களை ஏதென்ஸ் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்ற அதிர்ச்சி ஆறுவதற்குள், கி.மு. 415-இல், அதே ஏதென்ஸ் மேடையில் 'ட்ராய்ப் பெண்கள்' நாடகத்தைப் போட்டார் அவர். என்ன துணிச்சல்! ஆனாலும் பெயர் சொல்லி, சீட்டுப் போட்டு யாருக்கு யார் என்று அறிவிக்கப்படுவது அரசகுலப் பெண்களுக்குத்தான். மற்றவர்கள் எந்த ஊருக்குப் போவோமோ என்று கோரஸாக, சேர்ந்து பாடும் குழுவாக, நின்று புலம்புகிறார்கள். பார்க்கருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அவரது ட்ராய் வரிசையின் மூன்றாம் நூலான 'தி வாயேஜ் ஹோம்' (2024) கதையைச் சொல்ல ரிட்ஸா என்ற மருத்துவச்சியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கசாண்ட்ராவே அடிமை, ரிட்ஸா அவளுக்கு அடிமை.

ஆட்வுட் இந்தப் படியில் இன்னும் கீழே இறங்கித் தொடங்குகிறார். ஒடிசியின் 22-ஆம் காண்டம். ஒடிசியஸ் வீடு திரும்பி, மனைவியை மணக்க வந்து வீட்டைத் தின்றுகொண்டிருந்தவர்களைக் கொன்றுவிட்டான். வீட்டில் 50 அடிமைப் பெண்கள். அவர்களில் 12 பேர் வந்தவர்களோடு படுத்தவர்கள் என்று கிழத்தாதி யூரிக்ளியா அடையாளம் காட்டுகிறாள். யூரிக்ளியாவும் அடிமைதான், ஒரு காலத்தில் 20 மாட்டின் விலை கொடுத்து வாங்கப்பட்டவள். முதலில் அந்தப் பன்னிருவரையும் பிணங்களை வெளியே தூக்கிப்போட வைக்கிறார்கள். பிறகு மேசைகளையும் நாற்காலிகளையும் நீர் தொட்டுத் துடைக்க வைக்கிறார்கள். பிறகு முற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வாளால் வெட்டு என்று தந்தை சொன்னதை மகன் டெலிமாக்கஸ் கேட்கவில்லை. அவ்வளவு கௌரவமான சாவு இவர்களுக்குக் கூடாது என்று கப்பல் வடத்தை எடுக்கிறான். கூடு திரும்பும் பறவைகள் வலையில் சிக்கியதைப் போல வரிசையாகத் தொங்கினார்கள் என்கிறார் ஹோமர். கால்கள் சிறிது நேரம் துடித்தன, நெடுநேரம் இல்லை.

ஆட்வுட்டின் நூலில், ஒடிசியஸின் மனைவி பெனலோப்பி பாதாள உலகத்திலிருந்து கதை சொல்கிறாள். இடையிடையே பன்னிருவரும் கோரஸாக வந்து பாடுகிறார்கள். கயிறு தாண்டும் பாட்டு, ஒப்பாரி, மாலுமிப் பாட்டு, நாடகம், நீதிமன்ற விசாரணை என்று ஒவ்வொரு முறையும் வேறு வடிவம். நாங்களும் குழந்தைகளாக இருந்தோம், தவறான பெற்றோருக்குப் பிறந்தோம் என்று ஒப்பாரியைத் தொடங்குகிறார்கள். டெலிமாக்கஸோடு ஒரே முற்றத்தில் விளையாடி வளர்ந்தவர்கள். பின்னாளில் இவன்தான் எங்களைக் கொல்வான் என்று அன்றே தெரிந்திருந்தால் தண்ணீரில் அமுக்கியிருப்போமா என்று ஒரு பாட்டில் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். வந்தவர்களோடு பழகி உளவு சொல்லுங்கள், எங்களைத் திட்டினாலும் பரவாயில்லை என்று ரகசியமாக ஏவியவளே பெனலோப்பிதான். மறுமணத்தைத் தள்ளிப்போட, பகலில் நெய்த சவத்துணியை அவள் இரவில் பிரித்தபோது கூடவே உட்கார்ந்து பிரித்தவர்கள் இவர்கள். ஆனால் அந்த ரகசியத்தை அவள் யூரிக்ளியாவிடம் சொல்லவில்லை. கொலை நடந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல எஜமானி, அன்பான எஜமானி, கூடவே அவர்கள் சாவுக்குக் காரணமானவள். இதை அவிழ்க்க ஒரு மாலை போதாது.

விசாரணைக் காட்சியில் வரும் ஒரு வாதம் என்னை உலுக்கியது. அந்தப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளானவர்கள்தாம் என்று எல்லோருமே ஒப்புக்கொள்கிறார்கள். குற்றம் என்னவென்றால், எஜமானின் அனுமதி இல்லாமல் அது நடந்தது. வீட்டுப் பொருளை அடுத்தவன் எடுத்து ஆண்டதைப் போல. அடிமைச் சட்டத்தின் உள்ளெலும்பை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேறு நாவலை நான் படித்ததில்லை. இன்னோர் அத்தியாயத்தில் பன்னிருவரும் மானுடவியல் சொற்பொழிவு ஆற்றுகிறார்கள்: எங்களைப் பன்னிரண்டு நிலவுகளின் குறியீடு என்று எடுத்துக்கொள்ளுங்கள், உண்மையான சதையும் உண்மையான வலியும் கொண்ட பெண்கள் என்று நினைத்து வருந்த வேண்டியதில்லை என்று. படித்தவர்களாகிய நம்மை நோக்கி எறிந்த கல் அது. கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த, கி.மு. 1200-ஐ ஒட்டிய களிமண் பலகைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. மிலேட்டஸ் பெண்கள், நிடோஸ் பெண்கள், லெம்னோஸ் பெண்கள் என்று ஊர் சொல்லி, அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இவ்வளவு தானியம், இவ்வளவு அத்திப்பழம் என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் யாருடைய குறியீடும் இல்லை.

ஆட்வுட்டின் நூலிலும் குறை இருக்கிறது. பன்னிருவருக்கும் தனித்தனி முகம் இல்லை. ஹோமரிடம் பெயர் பெற்ற மெலாந்தோ தவிர மற்றவர்கள் ஒரே குரலாகவே நிற்கிறார்கள். நூலில் பெரும்பகுதி பேசுவது எஜமானிதான். பெனலோப்பியின் பேச்சு சில பக்கங்களில் அளவுக்கு மீறி இலகுவாக இருக்கிறது. பார்க்கரைப் போல அவர் நம்மை ஓர் உடலுக்குள் உட்கார வைப்பதில்லை.

என் முடிவு இது. தனியாக ஒருவர், ஒரே ஒரு நூலைப் படிக்கப் போகிறார் என்றால் பார்க்கரை எடுக்கட்டும். ஒன்பது பேர் சேர்ந்து படிப்பதற்கு ஆட்வுட் முதலில். அது சிறிய நூல், முதல் மாதத்துக்குள் அடங்கும். எஜமானியும் அடிமையும் ஒரே பக்கத்தில் மாறி மாறிப் பேசுவதால் விவாதம் தானாகப் பிறக்கும். யூரிக்ளியா ஏன் அப்படிச் செய்தாள் என்ற ஒரு கேள்வியே ஒரு கூட்டத்துக்குப் போதும். போர் வேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேயே அடிமைத்தனம் நடக்கும் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகு, இரண்டாம் மூன்றாம் மாதங்களில் பார்க்கரின் முதல் நூலுக்குப் போவோம். அதில் பாலியல் வன்முறைக் காட்சிகள் நிறைய வருகின்றன. எந்த அத்தியாயங்கள் என்று முன்கூட்டியே குறித்துத் தருகிறேன். வேண்டாம் என்பவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மில்லரைக் கேட்ட இருவருக்கு: அது நல்ல நாவல், வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஆனால் இஃபிஸ் வரும் அந்த ஆறேழு அடிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கூட்டத்தில் ஒடிசியின் 22-ஆம் காண்டத்திலிருந்து தூக்குக் காட்சியை எமிலி வில்சனின் மொழிபெயர்ப்பில் வாசிப்போம். அதன் தமிழாக்கத்தை நான் எழுதிக்கொண்டு வருகிறேன். அடுத்து, ஆட்வுட்டின் கோரஸ் பாட்டுகளில் முதலாவதை, ஆளுக்கொரு வரியாக, வாய்விட்டு. அதற்குப் பன்னிரண்டு குரல் வேண்டும். நாம் ஒன்பது பேர்தான். வீட்டிலிருந்து அம்மாவையோ அக்காவையோ மகளையோ யாராவது மூன்று பேர் அழைத்து வாருங்கள்.